கழுத்தைச் சொடக்கெடுக்கும் சிகிச்சை: தமனிக்கு நேரும் ஆபத்தும் ஆய்வுகள் சொல்வதும்

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை இரு கைகளாலும் ஏந்திச் சற்றே சாய்த்துத் திருப்பி, கழுத்து அதற்கு மேல் திரும்பாது என்ற எல்லையை எட்டியதும் சட்டென்று ஓர் உந்து கொடுத்து 'மடக்'கென்று ஓசை எழச் செய்யும் சிகிச்சையைக் காணொளிகளிலாவது பார்த்திராதவர்கள் இன்று குறைவு. முதுகெலும்பைக் கையால் சரிசெய்வதாகச் சொல்லும் கைரோபிராக்டிக் என்ற மாற்றுச் சிகிச்சை முறையின் அடையாளமாகவே ஆகிவிட்ட இச்செயலைப் பற்றி எதிரெதிரான இரண்டு கூற்றுகள் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. பல லட்சத்தில் ஒருவருக்கு நேர்ந்தால் உண்டு, அஞ்ச வேண்டியதில்லை என்பது ஒன்று. கழுத்தைத் திருகினால் தமனி கிழிந்து பக்கவாதம் வரும், ஆகவே அந்தப் பக்கமே போகக் கூடாது என்பது மற்றது. இதுவரை வெளிவந்த ஆய்வுகளைப் பொறுமையாகப் படிப்பவருக்கு இரண்டுமே சான்றைவிடச் சற்று அதிகமாகப் பேசுகின்றன என்று தோன்றும். எனினும் ஆபத்து எவ்வளவு என்பதில் தெளிவில்லாதபோதும், இந்தச் சிகிச்சையை ஏற்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு ஓரளவு உறுதியான பதிலைச் சொல்ல முடியும் என்றே கருதுகிறேன். அதற்கான காரணம், வியப்பூட்டும் வகையில், இம்முறையைப் பாதுகாக்க முன்வைக்கப்படும் மிக வலுவான வாதத்துக்குள்ளேயே இருக்கிறது.

கழுத்துக்குக் கையால் அளிக்கப்படும் சிகிச்சைகள் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. தசைகளைப் பிடித்துவிடுவது ஒரு வகை. மூட்டை அதன் இயல்பான எல்லைக்குள் மெதுவாகத் திரும்பத் திரும்ப அசைத்துக் கொடுப்பது இன்னொரு வகை. இவ்விரண்டிலும் வலி கூடுவதாக உணர்ந்தால் நோயாளி கழுத்தை இறுக்கித் தடுத்துவிடலாம். சர்ச்சைக்கு உள்ளாகியிருப்பது மூன்றாவது வகை. இதில் மூட்டு எல்லைவரை கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து மிகச் சிறிய தூரத்துக்கு, ஆனால் மிக வேகமாக உந்தப்படுகிறது. நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுவதால், தசைகள் தற்காப்பாக இறுகுவதற்கு முன்பே மூட்டு நகர்ந்துவிடுகிறது. நோயாளியால் இடையில் நிறுத்த முடியாத செயல் இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இதைக் கைரோபிராக்டர்கள் மட்டும் செய்வதில்லை. எலும்பையும் தசையையும் கையால் கையாளும் ஆஸ்டியோபதி என்ற முறையைப் பயின்றவர்களும், பிசியோதெரபிஸ்டுகளில் ஒரு பகுதியினரும், எந்தப் பயிற்சியும் பெறாதவர்களும் செய்கிறார்கள். செய்பவரின் பட்டம் தமனிக்குத் தெரியாது.

அந்த ஓசையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். விலகியிருந்த எலும்பு தன் இடத்தில் போய் அமர்வதால் ஓசை கேட்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், மூட்டின் இரு பரப்புகளும் திடீரென விலகும்போது உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தம் குறைந்து, அதில் வாயுக் குழி ஒன்று உருவாகிறது. விரல் மூட்டு இழுக்கப்படும் கணத்தை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்துப் படம்பிடித்து 2015-இல் வெளியான ஆய்வு, குழி உருவாகும் அதே கணத்தில்தான் ஓசை எழுகிறது என்று காட்டியது. ஓசை எழுந்தால் சிகிச்சை பலித்தது என்றோ எழாவிட்டால் பலிக்கவில்லை என்றோ கொள்வதற்கு அடிப்படை இல்லை.

கழுத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் வந்தது என்பதற்கு வரலாற்றில் விடை உண்டு. 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய இம்முறை, முள்ளெலும்புகள் சிறிது விலகி நரம்புகளின் வழியே செல்லும் உயிராற்றலைத் தடுப்பதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்ற கொள்கையின் மேல் எழுப்பப்பட்டது. அவருடைய மகன் பி.ஜே. பால்மர் 1930-களில் இன்னும் ஒரு படி மேலே போய், கழுத்தின் உச்சியிலுள்ள முதல் இரண்டு எலும்புகளைச் சரிசெய்தால் போதும் என்று கற்பித்தார். அப்படியொரு விலகல் நோய்களை உண்டாக்குகிறது என்பதற்கு அறிவியல் சான்று கிடைக்கவில்லை. இன்றைய கைரோபிராக்டர்களில் பலர் அக்கொள்கையைக் கைவிட்டு, முதுகு வலி, கழுத்து வலி போன்றவற்றோடு தம் பணியை வரையறுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் இடுப்பு வலியோடு வந்தவருக்கும், எந்த வலியும் இல்லாமல் 'பராமரிப்பு' என்ற பெயரில் மாதாமாதம் வருபவருக்கும் கழுத்தைத் திருகும் வழக்கம் இன்னும் ஆங்காங்கே தொடர்கிறது. பழைய கொள்கையின் எச்சம் என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

தமனி செல்லும் வழி

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நான்கு பெரிய தமனிகள் கழுத்து வழியாக ஏறுகின்றன. முன்புறம் இருபக்கமும் கரோட்டிட் தமனிகள். பின்புறம் இருபக்கமும் முள்ளெலும்புத் தமனிகள். பின்னவற்றின் பாதை விசித்திரமானது. கழுத்திலுள்ள ஏழு முள்ளெலும்புகளின் பக்கவாட்டு நீட்சிகளில் துளைகள் உண்டு. இத்தமனி வழக்கமாக ஆறாவது எலும்பின் துளைக்குள் நுழைந்து, ஒவ்வொரு துளையாகக் கடந்து மேலேறி, முதல் எலும்பை அடைந்ததும் அதன் மேற்பரப்பில் பின்னோக்கி வளைந்து, மண்டையோட்டின் அடித்துளை வழியாக உள்ளே நுழைகிறது. அங்கே இரு தமனிகளும் இணைந்து ஒரே தமனியாகி மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் மூளையின் பின்பகுதிக்கும் ரத்தம் தருகின்றன.

தலையை இடமும் வலமும் திருப்பும்போது ஏற்படும் சுழற்சியில் ஏறத்தாழப் பாதி, முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் இடையிலுள்ள ஒரே மூட்டில் நடக்கிறது. துளைகளுக்குள் கட்டுண்டு மேலேறிய தமனி, மிகுதியாகச் சுழலும் இந்த இடத்தில்தான் வளைந்து நெளிந்து செல்கிறது. இதற்கென்று இயற்கை கொஞ்சம் கூடுதல் நீளத்தை விட்டுவைத்திருக்கிறது என்பதால் அன்றாட அசைவுகளில் ஒன்றும் ஆவதில்லை. ஆயினும் தலை முழு எல்லைக்குத் திரும்பும்போது எதிர்ப்பக்கத் தமனி இழுபடுகிறது. அந்த இழுப்போடு வேகமான உந்தும் சேர்ந்தால் தமனியின் உட்சுவர் கீறப்படக்கூடும் என்ற ஐயம் இந்த உடற்கூற்றிலிருந்தே பிறந்தது.

தமனியின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கில் கீறல் விழுந்தால் ரத்தம் அதன் வழியே புகுந்து அடுக்குகளைப் பிரிக்கிறது. தமனிச் சுவர்ப் பிளவு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். சுவருக்குள் தேங்கும் ரத்தம் தமனியின் உட்பாதையை நெருக்கலாம். அதைவிட அடிக்கடி நடப்பது, கீறல் விழுந்த இடத்தில் ரத்தம் உறைந்து சிறு கட்டியாகி, பின்னர் பிய்ந்து, ஓட்டத்தோடு போய் மூளைக்குள் ஒரு கிளையை அடைத்துக்கொள்வது. அடைபட்ட கிளையைப் பொறுத்து விளைவு மாறுபடும். தலைச்சுற்றல், நடை தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, முகத்தின் ஒரு பக்கமும் உடலின் எதிர்ப்பக்கமும் மரத்துப்போவது ஆகியவை மூளைத்தண்டின் பக்கவாட்டுப் பகுதி பாதிக்கப்படுவதன் அறிகுறிகள். மிகக் கொடிய நிலையில், நினைவு முழுமையாக இருந்தும் கண்ணைத் தவிர எதையும் அசைக்க முடியாத நிலைக்கு ஆளாவதும் உயிரிழப்பதும் உண்டு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். பிளவு ஏற்பட்ட உடனேயே பக்கவாதம் வரும் என்பதில்லை. பலருக்குச் சில மணி நேரம் கழித்தும், சிலருக்குச் சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்தும் வருகிறது. இன்னும் பலருக்கு வருவதே இல்லை, பிளவு தானாக ஆறிவிடுகிறது. அந்த இடைவெளியில் இருக்கும் ஒரே அறிகுறி பெரும்பாலும் கழுத்து வலியும் பிடரியில் தொடங்கும் தலைவலியும்தான். இது முழு விவாதத்தின் அச்சாணி.

கழுத்துத் தமனிப் பிளவுகள் அரிதானவை. கரோட்டிட், முள்ளெலும்புத் தமனி இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு லட்சம் பேரில் மூவருக்கும் குறைவாகவே கண்டறியப்படுகின்றன. எல்லா வகைப் பக்கவாதங்களையும் கணக்கில் எடுத்தால் இவற்றின் பங்கு மிகச் சிறியது. 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வரும் பக்கவாதங்களில் மட்டும் 8 முதல் 25 விழுக்காடுவரை இவற்றால் வருபவை என்று மதிப்பிடப்பட்டுள்ளது. விபத்து, பலமான இருமல், நெடுநேரம் தலையை அண்ணாந்து வைத்திருப்பது போன்ற சாதாரணக் காரணங்களாலும் பிளவு ஏற்படலாம். அழகு நிலையத்தில் முடி அலசும் தொட்டியில் கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுத்ததால் பக்கவாதம் வந்தவர்களைப் பற்றிக்கூட 1990-களில் மருத்துவ இதழ்கள் எழுதின. சிலருக்கு எந்தக் காரணமும் தெரியாமலே வருகிறது. ஆகவே, கழுத்தைத் திருகிய பின் ஒருவருக்குப் பிளவு கண்டறியப்பட்டது என்பதாலேயே திருகியதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிட முடியாது.

ஆய்வுகளின் வாதமும் எதிர்வாதமும்

தனித்தனி நிகழ்வுகளாகப் பதிவானவை ஏராளம். 1998-இல் கனடாவின் சஸ்கட்டூன் நகரில் 20 வயதுப் பெண் ஒருவரும், 2016-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 34 வயதுப் பெண் ஒருவரும் கழுத்துச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்ததும், அவற்றைத் தொடர்ந்து நடந்த மரண விசாரணைகளில் முள்ளெலும்புத் தமனி சேதமடைந்திருந்தது உறுதியானதும் பரவலாகப் பேசப்பட்டன. கனடாவின் நரம்பியல் மருத்துவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் 2002-இல் இச்சிகிச்சையின் ஆபத்தைப் பற்றிப் பொது எச்சரிக்கை விடுத்தார்கள். ஆனால் நிகழ்வுப் பதிவுகளால் ஒன்று நடக்கக்கூடும் என்று காட்ட முடியுமே தவிர, எத்தனை பேருக்கு நடக்கும் என்று சொல்ல முடியாது.

எண்ணிக்கையைத் தேடிய முதல் பெரிய ஆய்வுகளுள் ஒன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து 2001-இல் வெளிவந்தது. மூளையின் பின்பகுதிக்கான ரத்த ஓட்டம் அடைபட்டுப் பக்கவாதம் வந்த 582 பேரையும் அவர்களுக்கு ஈடான மற்றவர்களையும் அது ஒப்பிட்டது. 45 வயதுக்கு உட்பட்ட நோயாளிகள், பக்கவாதத்துக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் கைரோபிராக்டரிடம் சென்றிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு அதிகம் என்று அது கண்டது. லட்சம் இளவயதினர் இச்சிகிச்சையைப் பெற்றால் அவர்களுள் ஏறத்தாழ 1.3 பேருக்கு ஒரு வாரத்துக்குள் இவ்வகைப் பக்கவாதம் வரலாம் என்பது அதன் மதிப்பீடு. 45-க்கு மேற்பட்டவர்களிடம் இத்தகைய தொடர்பு தென்படவில்லை. 2003-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, தமனிப் பிளவு உறுதிசெய்யப்பட்ட 51 பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, முந்தைய 30 நாட்களில் கழுத்துச் சிகிச்சை பெற்றிருந்தால் முள்ளெலும்புத் தமனிப் பிளவின் வாய்ப்பு ஆறு மடங்குக்கு மேல் கூடுகிறது என்றது. முன்பே கழுத்து வலி இருந்ததா என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் தொடர்பு நீடித்தது என்பது அதன் சிறப்பு. பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் அந்த மதிப்பீட்டின் துல்லியம் குறைவு என்பது அதன் பலவீனம்.

2008-இல் அதே ஒன்டாரியோவிலிருந்து விவாதத்தின் திசையையே மாற்றிய ஆய்வு வெளியானது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட ஆள்-ஆண்டுகளில் (ஒருவரை ஓராண்டு கண்காணிப்பது ஓர் ஆள்-ஆண்டு) பதிவான 818 பக்கவாதங்களை அது ஆராய்ந்தது. இளவயது நோயாளிகள் கைரோபிராக்டரிடம் போயிருக்கும் வாய்ப்பு மும்மடங்கு அதிகம் என்பதை அதுவும் ஒப்புக்கொண்டது. ஆனால் அதே நோயாளிகள் கழுத்தைத் தொட்டுத் திருகாத பொது மருத்துவரிடம் போயிருக்கும் வாய்ப்பும் அதே அளவுக்கு அதிகமாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுப்பதால் தமனி கிழியாது. எனவே, இரண்டு இடங்களுக்கும் பொதுவான காரணம் ஒன்று இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். தமனி ஏற்கெனவே பிளந்து அதனால் வந்த கழுத்து வலிக்காகவும் தலைவலிக்காகவும் மக்கள் சிலர் கைரோபிராக்டரிடமும் சிலர் மருத்துவரிடமும் போகிறார்கள், எங்கே போனாலும் வரவிருந்த பக்கவாதம் வந்துவிடுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

இவ்வாதத்தில் அறிவுக்கூர்மை இருக்கிறது, மறுக்க முடியாது. அதற்கு எழுந்த மறுப்புகளும் கனமானவையே. மருத்துவமனைப் பதிவுகளில் உள்ள நோய்க் குறியீடுகளை நம்பியே அந்த ஆய்வு நடந்தது. அக்குறியீடுகள் மூளையின் பின்பகுதிப் பக்கவாதங்கள் எல்லாவற்றையும் குறிப்பவை. பிளவால் வந்தவை அவற்றுள் ஒரு பகுதி மட்டுமே. ரத்தக் குழாய் அடைப்பு, இதயத்திலிருந்து வரும் ரத்தக் கட்டி போன்ற வேறு காரணங்களால் வந்தவையும் கலந்துவிட்டால், உண்மையான தொடர்பு ஒன்று இருந்தாலும் அது நீர்த்துப்போகும். 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, சிறிய அளவிலான தொடர்பு இருக்கிறது, அது காரண-காரிய உறவு என்று நம்பவைக்கும் சான்று இல்லை, இருக்கும் ஆய்வுகளின் தரமும் குறைவு என்று முடித்தது. அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையின் சாரமும் ஏறத்தாழ இதுதான். ஆபத்தின் அளவு சரிவர நிறுவப்படவில்லை, அநேகமாகக் குறைவாக இருக்கலாம் என்ற அந்த அறிக்கை, சிகிச்சைக்கு முன் இப்படியொரு புள்ளியியல் தொடர்பு இருப்பதை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்றும், நோயாளி சொல்லும் வலியே பிளவின் அறிகுறியாக இருக்கலாம் என்பதைச் சிகிச்சையளிப்பவர் தீவிரமாகக் கருத வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

எந்திரவியல் நோக்கிலும் விடை தெளிவாக இல்லை. இறந்தோர் உடல்களில் தமனியின் நீட்சியை அளந்த கனடிய ஆய்வு ஒன்று, உந்தும்போது தமனி இழுபடும் அளவு, மருத்துவர் கழுத்தின் அசைவை வழக்கமாகப் பரிசோதிக்கும்போது இழுபடும் அளவைவிடக் குறைவே என்று 2002-இல் காட்டியது. சிகிச்சையின் ஆதரவாளர்கள் இதை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அளக்கப்பட்டவை முதியவர்களின் ஒரு சில உடல்கள் என்பதையும், பிளவுக்கு ஆளாகிறவர்கள் பெரும்பாலும் இளவயதினர், அவர்களுள் சிலரின் தமனிச் சுவர் பிறவியிலேயே நலிந்தது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்வது நேர்மையாக இருக்கும்.

'எத்தனை பேரில் ஒருவர்' என்ற கேள்விக்கு இருபதாயிரத்தில் ஒருவர் என்பது முதல் 58.5 லட்சத்தில் ஒருவர் என்பது வரை விடைகள் கிடைப்பதற்கு, ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் நின்று எண்ணியதே காரணம். 58.5 லட்சம் என்ற எண், கனடாவில் பத்தாண்டுகளில் காப்பீட்டு நிறுவனத்தை எட்டிய 23 நிகழ்வுகளைச் செய்யப்பட்ட 13.4 கோடிச் சிகிச்சைகளோடு வகுத்து வந்தது. இழப்பீடு கேட்டு வந்தவர்கள் மட்டுமே பாதிக்கப்பட்டவர்கள் என்று வைத்துக்கொண்டால்தான் அந்த எண் செல்லும். பிரிட்டன் நரம்பியல் மருத்துவர்களிடம் கேட்டு 2001-இல் வெளியான கணக்கெடுப்பில், கழுத்துச் சிகிச்சை நடந்து 24 மணி நேரத்துக்குள் நரம்பியல் பாதிப்புக்கு உள்ளான சுமார் 35 பேரை அம்மருத்துவர்கள் ஓராண்டில் பார்த்திருந்தார்கள். அவற்றுள் ஒன்றுகூட அதற்கு முன் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் மீண்டும் கைரோபிராக்டரிடம் போவதில்லை, நேரே மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே கழுத்தைப் பற்றி யாரும் கேட்காவிட்டால் இரண்டு செய்திகளும் சந்திக்காமலே போய்விடுகின்றன.

எதிர்த்திசையில், பிரிட்டன் கைரோபிராக்டர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 19,722 நோயாளிகளுக்குச் செய்யப்பட்ட 50,276 கழுத்து உந்துகளில் கடுமையான பாதிப்பு ஒன்றுகூட இல்லை. இதுவும் உண்மையான, மதிக்க வேண்டிய தகவலே. ஆனால் ஐம்பதாயிரத்தில் ஒன்றும் நேரவில்லை என்றால், உண்மையான விகிதம் லட்சத்துக்கு ஆறு வரை இருக்கக்கூடும் என்பதைப் புள்ளியியல் மறுப்பதில்லை. அந்த ஆய்வை எழுதியவர்களே அந்த எல்லையைக் குறிப்பிட்டிருந்தார்கள். விளம்பரங்களில் அந்த வரி காணாமல் போய்விடும்.

பாதுகாக்கும் வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது

இப்போது 2008-ஆம் ஆண்டு ஆய்வின் விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அதன்படி, தமனி ஏற்கெனவே பிளந்த நிலையில் சிலர் கைரோபிராக்டரின் மேசைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இருப்பது கழுத்து வலியும் தலைவலியும். அதே மேசைக்குத் தினமும் வருபவர்களில் பெரும்பாலோருக்கும் இருப்பது கழுத்து வலியும் தலைவலியும்தான். இவர்களையும் அவர்களையும் பிரித்தறியக் கையில் என்ன சோதனை இருக்கிறது? தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் திருப்பிச் சிறிது நேரம் பிடித்துவைத்து, தலைச்சுற்றல் வருகிறதா என்று பார்க்கும் சோதனை நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. பிளவு இருப்பவர்களைக் கண்டுபிடிப்பதில் அது நம்பத்தக்கதன்று என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. போதாக்குறைக்கு, சோதனையே தமனியை எல்லைவரை இழுக்கிறது. எக்ஸ்-ரே படத்தில் தமனி தெரியாது. ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தைக் கழுத்து வலியோடு வரும் ஒவ்வொருவருக்கும் எடுக்க இயலாது.

ஆகவே, திருகுவதால் பிளவு வருவதில்லை, பிளவோடுதான் வருகிறார்கள் என்று வாதிடுபவர், தன்னால் அடையாளம் காண முடியாத பிளந்த தமனிகளைக் கொண்ட கழுத்துகளைத் தானும் தன் துறையினரும் திருகிக்கொண்டிருக்கிறோம் என்றும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார். சுவர் கீறப்பட்டு, அதன்மேல் இளகிய ரத்தக்கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் தமனியை உலுக்கினால் கட்டி பிய்ந்து மேலேறலாம் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. சிகிச்சை மேசையிலேயே அல்லது அடுத்த சில நிமிடங்களில் அறிகுறிகள் தொடங்கிய நிகழ்வுகளை இதைக் கொண்டு விளக்கலாம். மேலே சொன்ன லாஸ் ஏஞ்சலிஸ் பெண் விழுந்து கழுத்தில் அடிபட்ட வலிக்காகத்தான் அச்சிகிச்சைக்குப் போயிருந்தார். தமனி எப்போது சேதமடைந்தது என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முக்கியம். நோயாளிக்கு, புதிதாக வந்த வலியோடு அந்த மேசையில் படுக்கலாமா என்பதே கேள்வி. அதற்கான விடை இரு தரப்பு விளக்கத்தின்படியும் ஒன்றாகவே வருகிறது.

ஆபத்து மிகச் சிறியதாக இருந்தாலும் அதை எதற்காக ஏற்பது என்ற கேள்வி அடுத்து வருகிறது. நன்மை பெரிதாகவும் வேறு வழியில் கிடைக்காததாகவும் இருந்தால், லட்சத்தில் ஒன்று என்ற ஆபத்தை மருத்துவத்தில் தினமும் ஏற்கிறோம். கழுத்து வலியில் நிலைமை அப்படியில்லை. 272 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகெலும்பு உந்துச் சிகிச்சை மாத்திரைகளைவிட நல்ல பலன் தந்தது. இதைச் சிகிச்சையின் ஆதரவாளர்கள் சொல்லத் தவறுவதில்லை. அதே ஆய்வில், இரண்டு முறை அழைத்துக் கற்றுக்கொடுத்து வீட்டிலேயே செய்யச் சொன்ன எளிய கழுத்துப் பயிற்சிகளும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தன. கழுத்தை மெதுவாக அசைக்கும் சிகிச்சையையும் வேகமாக உந்துவதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவச் சான்று மதிப்பீட்டு அமைப்பின் 2015-ஆம் ஆண்டு மதிப்பாய்வும், இரண்டின் பலனும் ஒத்தே இருப்பதாகக் கண்டது. 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழ், கழுத்து உந்தைக் கைவிட வேண்டுமா என்று இரு தரப்பினரையும் எழுதச் செய்தபோது, கைவிட வேண்டும் என்ற தரப்பின் மைய வாதம் இதுவாகவே இருந்தது. வலி மாத்திரைகளாலும் வயிற்றில் ரத்தக் கசிவு போன்ற தீங்குகள் உண்டு என்று எதிர்த்தரப்பு கேட்பது நியாயமானதே. ஆனால் உந்துக்கு மாற்று மாத்திரை மட்டும்தான் என்றால்தான் அக்கேள்வி முடிவைத் தீர்மானிக்கும். மெதுவான அசைவுக்கும் உடற்பயிற்சிக்கும் எதிராக அது நிற்பதில்லை.

இடுப்பு வலிக்கு அளிக்கப்படும் உந்துச் சிகிச்சையை இதோடு சேர்த்துக் கண்டிக்க வேண்டியதில்லை. அங்கே மூளைக்குச் செல்லும் தமனி கிடையாது. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இடுப்பு வலிக்கு முதலில் முயலத்தக்க மருந்தில்லாச் சிகிச்சைகளுள் அதையும் சேர்த்திருக்கிறது.

தமனிக்கு அப்பால்

கழுத்துச் சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் நீடிக்கும் வலி, இறுக்கம், தலைவலி, களைப்பு ஆகியவை மிகச் சாதாரணம். நார்வேயில் 1990-களில் நடந்த ஆய்வில், முதுகெலும்பு உந்துச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்று ஏற்பட்டது. இவை தாமாக மறைந்துவிடுகின்றன. முதுகுத்தண்டுவடமும் எலும்பும் பாதிக்கப்படுவது வேறு வகை. 2017-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் 80 வயது முதியவர் ஒருவர் கைரோபிராக்டரின் மேசையிலேயே கழுத்து முறிந்து மறுநாள் உயிரிழந்தார். அவருடைய முதுகெலும்பின் தசைநார்கள் எலும்பாக இறுகிப்போயிருந்தன என்பது பின்னர் நடந்த மரண விசாரணையில் வெளிப்பட்டது. எலும்பின் அடர்த்தி குறையும் நோய், முடக்கு வாதம், முதுகெலும்பு இறுகும் அழற்சி நோய், டவுன் நோய்க்குறி, இணைப்புத் திசுக்கள் நலிந்த மார்ஃபன், எலர்ஸ்-டான்லஸ் நோய்கள் உள்ளவர்கள், அண்மையில் கழுத்தில் அடிபட்டவர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோர் இச்சிகிச்சையை அறவே தவிர்க்க வேண்டும். முடக்கு வாதத்திலும் டவுன் நோய்க்குறியிலும் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைக் கட்டியிருக்கும் தசைநார் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், பிறருக்குத் தீங்கில்லாத உந்துகூடத் தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். குழந்தைகளின் கழுத்தைத் திருகுவதற்கு ஏற்கத்தக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

நோயாளியின் ஒப்புதல் பல இடங்களில் ஒரு படிவத்தில் இடும் கையெழுத்தாகச் சுருங்கிவிட்டிருக்கிறது. பக்கவாதம் என்ற சொல் அப்படிவத்தின் நடுவில் எங்கேயாவது இருக்கும். உண்மையான ஒப்புதலுக்கு இரண்டு செய்திகளாவது வாயால் சொல்லப்பட வேண்டும்: அரிதாகப் பக்கவாதம் வந்திருக்கிறது என்பது ஒன்று, இதே பலனை உந்து இல்லாமலும் பெறலாம் என்பது மற்றது. முதலாவதைச் சொல்பவர்கள்கூட இரண்டாவதைச் சொல்வது குறைவு. நோயாளியாகப் போகிறவர் கழுத்தில் உந்து வேண்டாம், மெதுவான அசைவும் பயிற்சியும் போதும் என்று கேட்டுக்கொள்ளலாம். பொறுப்புள்ள சிகிச்சையாளர் எவரும் அதை மறுக்க மாட்டார்.

இதுவரை அனுபவித்திராத வகையில் திடீரென ஒரு பக்கக் கழுத்திலோ பிடரியிலோ வலி தொடங்கினால், அதோடு தலைச்சுற்றல், வாந்தி, இரட்டைப் பார்வை, நாக்குழறல், நடைத் தள்ளாட்டம், மரத்துப்போதல், ஒரு கண்ணிமை தாழ்ந்து அக்கண்ணின் பாவை சுருங்குதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சேர்ந்தால், செல்ல வேண்டிய இடம் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. சிகிச்சை முடிந்து சில நாட்கள் கழித்து இவை தோன்றினாலும் அப்படியே. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால், படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதே பெரும் இழப்பாக முடிகிறது. இளவயதில் தலைச்சுற்றலோடு வருபவரைக் காதுக் கோளாறு என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. சாதாரண சி.டி. படத்தில் மூளைத்தண்டும் சிறுமூளையும் தெளிவாகத் தெரிவதில்லை என்பதால் அந்தப் படமும் இயல்பாக இருப்பதாகவே தோன்றலாம். அண்மையில் கழுத்தில் சொடக்கெடுத்ததையும் அது எந்த நாள் என்பதையும் கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மூளையை மட்டும் பார்க்காமல் கழுத்துத் தமனிகளையும் சேர்த்துப் படம்பிடிக்க அப்போதுதான் அவருக்குக் காரணம் கிடைக்கும்.